ஆல்பம் அறையின் தண்ணீர்ச் சுற்று

சிவகாசியில் அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரிப் படங்களைத் தொகுத்த ஆல்பத்தை ஆடிப் பதினெட்டு அன்றுதான் பூஜை போட்டு வெளியிடுவார்கள். அதுவரை எந்த அச்சகத்தில் எந்த முருகன் வரப்போகிறார் என்பது பக்கத்து அச்சகத்துக்குத் தெரியக் கூடாது. தெரிந்துவிட்டால் அதே முருகன் இன்னும் கொஞ்சம் சிரித்த முகத்தோடு அங்கேயும் வந்து நின்றுவிடுவார். சாதிக் பாட்சா பாயின் அச்சகத்திலிருந்து ஒரு வருஷம் முருகன் அப்படித்தான் கிளம்பிப் போய்விட்டார்.

எப்படிப் போனார் என்று பாய் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். டிசைன் அறையில் இருந்த ஏசி பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சந்து உண்டு. அதன் வழியாக எவனோ எட்டிப் பார்த்திருக்கிறான். ஏசி கழற்றப்பட்டது. சந்தைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். கொத்தனார் வந்ததுதான் வந்தார், ஜன்னலையும் சேர்த்து அடைத்துவிடச் சொன்னார் பாய். சித்திரை பிறந்ததும் அறைக்கு வெளிப்பக்கம் பூட்டு, சாவி பாயின் இடுப்பு பெல்ட்டில். உள்ளே போகிறவர்கள் செல்போனை வெளியே மேசை டிராயரில் போட்டுவிட்டுப் போக வேண்டும். போகிறவர்கள் என்று பன்மையில் சொன்னாலும் போவது என்னவோ காளீஸ்வரன் ஒருவன்தான்.

பாய் கெட்டவர் இல்லை. அதை இங்கேயே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் அவர்மேல் பழி விழும். நாரணாபுரத்துப் பட்டாசு ஆலை வாசலில் கூலிக்கு நின்ற காளீஸ்வரனை, பையன் நன்றாகப் படம் போடுகிறான் என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் கூட்டிவந்து, கம்ப்யூட்டர் படிக்கவைத்து, நாற்காலி போட்டு உட்காரவைத்தவர் அவர். ரம்ஜானுக்கு அவன் வீட்டுக்குப் பிரியாணி வாளி தவறாமல் போகும். சொந்த மகன் அசாருதீன்மேல்கூட வைக்காத நம்பிக்கையை இவன்மேல் வைத்திருந்தார். பூட்டிவைத்ததும் அந்த நம்பிக்கையில்தான்.

அந்த அறையில் காளீஸ்வரனும் கம்ப்யூட்டரும் ஒரு மேசை ஃபேனும் இருந்தார்கள். அது 2005-ஆம் வருஷம். அப்போது வந்த கம்ப்யூட்டர்களுக்கு வேகம் எம்புட்டோ சூடும் அம்புட்டு. அக்கினி நட்சத்திரம் தொடங்கியதும் உச்சி வெயிலில் அது பொட்டென்று அணைந்துவிடும். உள்ளே இருக்கும் பிராசஸர் தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே படுத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. அதுவரை லட்சுமியின் பாதத்தடியில் ஒவ்வொன்றாக மலர்த்திவைத்த தாமரை இதழெல்லாம் சேமிக்காமல் போய்ச் சேரும். காளீஸ்வரன் கதவைத் தட்டுவான். பாய் வந்து திறப்பார். கம்ப்யூட்டர் ஆறும்வரை கதவு திறந்தே கிடக்கும். இவனும் வெளியே போய் ஒரு டீயைக் குடித்துவிட்டு, செல்போனை எடுத்து ஆலையில் வேலைபார்க்கும் மனைவியிடம் ஒரு பேச்சுப் பேசிவிட்டு வருவான்.

அந்த வருஷம் அப்படி ஆறப்போட்டுக்கொண்டிருக்க முடியாத நெருக்கடி அவனுக்கு. சென்னையில் ஒரு கிராஃபிக்ஸ் கம்பெனியில் இருந்த அவன் நண்பன் எழில் இவனுக்கும் அங்கே ஒரு வேலை சொல்லி வைத்திருந்தான். ஆடி முடிந்ததும் வந்து சேர வேண்டும், அதற்கு மேல் காத்திருக்க மாட்டார்கள். விஷயத்தைப் பாயிடம் சொன்னான்.

"ஆல்பத்த முடிச்சுக் குடுத்துட்டுப் போப்பா. நான் குறுக்க நிக்க மாட்டேன்," என்றார்.

சென்னை என்றதும் காளீஸ்வரனுக்கு முதலில் கண்முன் வந்தது சம்பளமோ கடலோ இல்லை. அவன் மனைவி சொர்ணலட்சுமி பட்டாசு ஆலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கும் ஒரு காலை நேரம்தான் வந்தது. அவளுக்கு வெடிகளை அட்டைப்பெட்டியில் அடுக்கும் பாக்கிங் வேலை. ஆலைக்குள் இருப்பதிலேயே பயம் குறைந்த வேலை அதுதான். ஆனாலும் அது ஆலைக்குள்தான் இருக்கிறது. காலையில் கம்பெனி வேன் அவளை ஏற்றிக்கொண்டு போனதும் இவன் காது ஆலை இருக்கும் பக்கமே திரும்பிக் கிடக்கும். சாயங்காலம் அவள் இறங்கிய பிறகுதான் அது இந்தப் பக்கம் திரும்பும். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான். அவளிடம் சொன்னால் சிரிப்பாள்.

"ஊரே போயிட்டு வருது. ஒங்களுக்கு மட்டும் என்ன?" என்பாள்.

என்னவோ, அவனுக்கு மட்டும் அப்படித்தான் இருந்தது. ஆல்பம் முடிந்தால் சென்னை. சென்னை போனால் அவள் வேனில் ஏற வேண்டாம். கம்ப்யூட்டர் மத்தியானத்தில் படுத்துக்கொண்டே இருந்தால் ஆல்பம் முடியாது. இவ்வளவுதான் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தேடியபோது வெளிநாட்டுக்காரர்கள் கம்ப்யூட்டரைத் தண்ணீரால் குளிர்விப்பதைப் பார்த்தான். இங்கிலீஷ் பாதி புரிந்தது, படம் முழுக்கப் புரிந்தது. பிராசஸர் தலையில் ஒரு செம்புக் கட்டி உட்காரும். அதற்குள் குடைந்த வழியில் தண்ணீர் ஓடிச் சூட்டை வாங்கிக்கொண்டு டியூப் வழியாக ரேடியேட்டருக்குப் போகும். அங்கே ஃபேன் காற்றில் ஆறி, ஒரு டப்பாவில் விழும். டப்பாவில் இருக்கும் சின்ன மோட்டார் அதை மறுபடி பிராசஸருக்குத் தள்ளும். காளீஸ்வரன் இதில் தன் பங்குக்கு ஒன்று சேர்த்தான். ரேடியேட்டர் அறைக்குள் இருந்தால் சூடும் அறைக்குள்ளேயே சுற்றும். ஆகவே டியூபைச் சுவர் வழியாக வெளியே கொண்டுபோய் ரேடியேட்டரை வெளிச்சுவரில் மாட்ட வேண்டும். அச்சில் வீணான வேஸ்ட் ஷீட்டின் பின்பக்கத்தில் அழகாகப் படம் போட்டு, தண்ணீருக்கு நீலம், சூட்டுக்குச் சிவப்பு அடித்து, பாயிடம் கொண்டுபோனான்.

பாய் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏப்பா, கரண்டுக்குள்ள தண்ணிய விடப் போறியா?"

"தண்ணி டியூபுக்குள்ளதான் பாய் ஓடும். ஒரு சொட்டு வெளிய வராது."

"அது சரி. சொவத்துல இதென்ன ஓட்டை?"

"டியூப் போறதுக்கு."

"அடேய், ஏசிச் சந்த அடைச்சிட்டு நானே ஓட்டை போட்டுக் குடுக்கவா?"

ரெண்டு நாள் கெஞ்சிய பிறகு, டியூப் நுழையும் அளவுக்கு மட்டும் ஓட்டை போடச் சம்மதித்தார். கொத்தனார் துளை போடும்போது பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். டியூப் போன பிறகு, சுற்றிலும் சிமெண்டு வைத்து அடைத்து, வெளியே நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்து, ஒன்றும் தெரியவில்லை என்று உறுதி செய்த பிறகே எழுந்தார்.

சாமான் சேர்க்கக் காளீஸ்வரன் விருதுநகருக்கு அலைந்தான். கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற, உள்ளே தண்ணீர் தெரியும் பிளாஸ்டிக் டியூப் வாங்கினான். மீன் தொட்டி மோட்டார் வாங்கினான். செம்புக் கட்டியை ஒரு லேத் பட்டறையில் கடைந்து வாங்கினான். ரேடியேட்டருக்குத்தான் யோசனை பலமாக வேலை செய்தது. கார்களுக்குள் குளிர்காலத்தில் வெந்நீர் ஓடிச் சூடு கொடுக்க ஒரு குட்டி ரேடியேட்டர் உண்டு. விருதுநகர் வெயிலில் எந்த மகராசன் காரில் ஹீட்டர் போட்டுக்கொண்டு போவான்? பழைய கார் உடைக்கும் கடையில் அது புதுப்பெண் போல அழுக்குப்படாமல் கிடந்தது.

கடைக்காரர் அதை எடுத்துக் கொடுத்ததும் காளீஸ்வரன் சட்டைப்பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்து ரேடியேட்டர் முழுக்க ஓட்டிப் பார்த்தான்.

"என்னண்ணே, தங்கமா உரசிப் பாக்குறீக?" என்று சிரித்தார் அவர்.

அவருக்குப் புரியாது. காளீஸ்வரனின் அம்மா கருப்பம்மாள் பட்டாசு ஆலையிலேயே முடி நரைத்தவள். பட்டாசு ஊரில் பிறந்த பிள்ளைக்கு நடக்கத் தெரியும் முன்பே தெரிந்துவிடுகிற விஷயம், இரும்பு ஆகாது என்பது. ஆணி அடித்த செருப்பு ஆகாது, இரும்பு வாளி ஆகாது, இரும்புக் கரண்டி ஆகாது. உரசினால் பொறி வரும். செம்பு நல்லது, பித்தளை நல்லது, அலுமினியம் நல்லது. பிரவுசிங் சென்டரில் படித்த பக்கத்தில் உலோகத்தைப் பற்றிக் கொட்டை எழுத்தில் ஓர் எச்சரிக்கை இருந்தது. ஆகா, இரும்பைத்தான் சொல்கிறான், துருப்பிடிக்கும் அல்லவா, இது நமக்குத் தெரியாததா என்று அதைத் தள்ளிக்கொண்டு கீழே போய்விட்டான். டியூபை இறுக்கும் கிளிப்பில்கூட இரும்பு வேண்டாமென்று செம்புக் கம்பியால் சுற்றிக் கட்டினான். அச்சகத்தில் காலியாகக் கிடந்த மைடப்பா தகரம் என்பதால் ஒதுக்கிவிட்டு, பிளாஸ்டிக் ஊறுகாய் டப்பாவில் தண்ணீர் வைத்தான். பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீர் அது. காந்தம் எதிலும் ஒட்டவில்லை. அவனுக்கு இருந்த பெருமைக்கு அளவில்லை.

ஒரு நாள் முழுக்க அடியில் வேஸ்ட் ஷீட் விரித்து, கம்ப்யூட்டரைப் போடாமல் தண்ணீரை மட்டும் ஓடவிட்டான். காகிதத்தில் ஓர் ஈரப்பொட்டு இல்லை. மறுநாள் கம்ப்யூட்டரைப் போட்டான். உச்சி வெயில் வந்தது, போனது. கம்ப்யூட்டர் அணையவே இல்லை. சாயங்காலம் கதவைத் திறந்த பாய் மானிட்டரில் லட்சுமி முழுசாகத் தாமரைமேல் நிற்பதைப் பார்த்து இவனைக் கட்டிக்கொண்டார். மிஷின் ஓட்டுகிறவர்களையெல்லாம் கூட்டிவந்து வெளியே நிற்கவைத்து, அறைக்குள் விடாமலே, டியூபில் தண்ணீர் ஓடுவதைக் காட்டினார்.

அன்று ராத்திரி சாப்பிட்ட கையோடு சொர்ணலட்சுமியிடம் சொன்னான்: "ஆடியோட வேலைய விட்ருவேன்னு போர்மேன்கிட்டச் சொல்லிரு."

"நெசமாவா?"

"நெசமாத்தான். இனிமே மிஷின் நிக்காது."

அது நிஜமாகவே நிற்கவில்லை. அதுதான் வினை. மத்தியானம் அணையாததால் கதவு திறக்கவில்லை. டீ ஒரு கண்ணாடி கிளாஸில் உள்ளே வந்தது. கொடுத்ததும் கதவு சாத்திக்கொண்டது. செங்கல் வைத்த ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும்போது காளீஸ்வரனுக்குச் சில நேரம் வெளியே மழையா வெயிலா என்றுகூடத் தெரியாது. கம்ப்யூட்டருக்கு வேர்க்கவில்லை, இவனுக்கு வேர்த்தது. அதற்குச் சுவரில் துளை போட்டுக் கொடுத்தாயிற்று, இவனுக்கு அதுவும் இல்லை. இருக்கட்டும், ஆடி வரைக்கும்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டான்.

ஆனியில் ஒரு வெள்ளிக்கிழமை. பாய் ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். காளீஸ்வரன் குழந்தைக் கிருஷ்ணனுக்கு மயிலிறகு வைத்துக்கொண்டிருந்தபோது தரை லேசாக அதிர்ந்தது. அப்புறம் தூரத்தில், கனமான கதவைச் சாத்தினாற்போல ஒரு சத்தம். சிவகாசியில் பிறந்தவனுக்கு அது என்ன சத்தம் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. எந்தப் பக்கம் என்றுதான் தெரிய வேண்டும். ஜன்னல் இருந்தால் புகை எழும் திசையைப் பார்க்கலாம். கையில் போன் இருந்தால் கேட்கலாம்.

கதவைத் தட்டினான். வெளியே அச்சு மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஓங்கித் தட்டினான். "ஏய், யாராச்சும் இருக்கீகளா?" என்று கத்தினான். மிஷின் ஓட்டுகிற ஒருவர் கதவுக்கு வெளியே வந்தார். "சாவி பாய்கிட்டல்ல இருக்கு," என்று சொல்லிவிட்டு நின்றார். எந்தப் பக்கம் வெடித்தது என்று கேட்டான். தெரியலையே என்றார். டிராயரில் இருக்கும் போனை எடுத்து அடிக்கச் சொன்னான். டிராயரும் பூட்டியிருந்தது. காளீஸ்வரன் தோளால் கதவை மோதினான், காலால் உதைத்தான், கடைசியில் அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். இந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் இந்நேரம் அணைந்து கதவு திறந்து கிடந்திருக்கும். பின்னால் டியூபில் தண்ணீர் களகளவென்று ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்கக் கேட்க அவனுக்கு அதைப் பிடுங்கி எறிய வேண்டும் போல ஆத்திரம் வந்தது.

பாய் வந்து கதவைத் திறந்தபோது இவன் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார். போனை அவரே எடுத்துக் கொடுத்தார். ஆலைக்கு அடித்ததும் அங்கே யாரோ எடுத்து, நம்ம பக்கம் இல்லை, மேற்கே எங்கேயோ என்றார்கள். சொர்ணலட்சுமியைக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள்.

"நான் நல்லாத்தான இருக்கேன். எதுக்கு அழுவுறீக?" என்றாள் அவள்.

பாய்க்கும் கண் கலங்கியது. "தப்புத்தாம்ப்பா, என் தப்புத்தான்," என்று பல தடவை சொன்னார். மறுநாளே ஆளை வரவழைத்து அறைக்குள் ஒரு காலிங் பெல் வைத்துக் கொடுத்தார். பூட்டு பழையபடியே தொங்கியது.

அந்த வாரத்தில்தான் தண்ணீர் வெளுக்க ஆரம்பித்தது. முதலில் கஞ்சித் தெளிவு மாதிரி இருந்தது. பிறகு டியூபின் உள்பக்கம் வெள்ளை வெள்ளையாகப் படிந்தது. மோட்டார் திணறியது. காளீஸ்வரன் மறுபடி பிரவுசிங் சென்டருக்குப் போய் அதே பக்கத்தைத் திறந்து, தள்ளிவிட்டுப்போன கொட்டை எழுத்தை அகராதி வைத்துப் படித்தான். அதில் இரும்பு என்ற பேச்சே இல்லை. செம்பையும் அலுமினியத்தையும் ஒரே தண்ணீரில் சேர்க்காதே, அலுமினியம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகும் என்று எழுதியிருந்தது. அவன் கட்டி செம்பு, ரேடியேட்டர் அலுமினியம். பட்டாசு ஊருக்கு ரெண்டும் நல்ல பிள்ளைகள். ஒரு வீட்டில் குடிவைத்தால் ஒன்றையொன்று தின்னும் என்று காந்தம் எப்படிச் சொல்லும்?

செம்பு ரேடியேட்டர் தேடினான். விருதுநகரில் இல்லை, மதுரையிலும் கிடைக்கவில்லை. பிராசஸர் தலையில் முன்பு இருந்த குட்டி ஃபேனையே மாட்டலாம் என்றால் அதைக் கழற்றும்போதே அதன் கால்கள் உடைந்துபோயிருந்தன. ஆகவே சனிக்கிழமைதோறும் தண்ணீரை வடித்து, மோட்டாரைக் கழற்றி, பிரஷால் வெள்ளையைத் தேய்த்து, டியூபைக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றி, கம்பியை மறுபடி இறுக்கிக் கட்டினான். கட்டு கொஞ்சம் நெகிழ்ந்தாலும் போர்டு முழுக்கத் தண்ணீர் இறங்கும். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது அவன் விரலுக்கு மட்டும்தான் தெரியும்.

ஆல்பம் முடிந்தது. ஆடிப் பதினெட்டு அன்று சாதி மதம் பார்க்காமல் எல்லா அச்சகத்திலும் நடப்பதுபோலப் பாயின் அச்சகத்திலும் ஆல்பத்துக்குச் சந்தனம் வைத்துச் சூடம் காட்டினார்கள். வெளியூர் ஏஜெண்டுகள் புரட்டிப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். கூட்டம் கலைந்ததும் காளீஸ்வரன் பாயிடம் போய் நின்றான்.

"பாய், நான் கெளம்புறேன். எழில் காத்துக்கிட்டு இருக்கான்."

பாய் அவன் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"ஒன்ன நிறுத்த எனக்கு வாய் இல்லப்பா. ஆனா மிஷின் நிக்காதுங்கிற தைரியத்துல தீபாவளிப் பட்டாசு லேபிளுக்கு எப்பவும் வாங்குறதுக்கு ரெண்டு பங்கு ஆர்டர் வாங்கிட்டேன். நீ போயிட்டா அந்தத் தண்ணிய யாருப்பா பாப்பா? இம்புட்டு வருசத்து டிசைனும் அதுக்குள்ள கெடக்கு. ஒரு சொட்டு எறங்குச்சுன்னா நான் தெருவுல நிக்கணும்."

"யாருக்காச்சும் சொல்லிக் குடுத்துட்டுப் போறேன் பாய்."

"அசாருதீன வச்சுப் பாத்தேனே போன சனிக்கிழமை, நீ ஊறுகாய் டப்பாவக் கழுவப் போயிருந்தப்ப. கம்பிய இறுக்குறேன்னு டியூபையே அறுக்கப் பாத்தான். தீபாவளி வரைக்கும் இருந்து குடுப்பா. அதுக்கு மேல ஒரு நாள் கேக்க மாட்டேன்."

காளீஸ்வரன் மறுத்திருக்கலாம். ஆயிரம் பேர் மறுத்துவிட்டுப் போயிருப்பார்கள். ஆனால் வெளுத்த தண்ணீர் அவன் செய்த தப்பு. சரியான ரேடியேட்டரை வைத்திருந்தால் மாசக்கணக்கில் யாரும் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்காது, அவனும் இன்று நிம்மதியாகப் பஸ் ஏறியிருப்பான். தன் தப்பை அவர் தலையில் கட்டிவிட்டுப் போக அவனுக்கு மனசு வரவில்லை. செல்போனை எடுத்து எழிலைக் கூப்பிட்டான்.

"தீபாவளி வரைக்குமா? வெளையாடுறியாடா? நாளைக்கே வேற ஆளப் போட்ருவாங்ஙடா," என்றான் எழில். சொன்னபடியே போட்டும் விட்டார்கள்.

பூஜை லட்டோடு வீட்டுக்குப் போய் சொர்ணலட்சுமியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் பாத்திரத்தையெல்லாம் ஒரு சாக்கில் கட்டி மூலையில் வைத்திருந்தாள். சாக்கை அவிழ்த்து, சோற்றுப் பானையையும் தூக்குவாளியையும் மட்டும் வெளியே எடுத்து வைத்தாள். மறுநாள் காலை அதே தூக்குவாளியோடு ஆலைக்குப் போனாள்.

சாயங்காலம் வந்தவள் முகம் கழுவிவிட்டு அடுப்படி வாசலில் உட்கார்ந்தாள்.

"பாக்கிங்ல என் எடத்துக்கு ஆள் போட்டுட்டாகளாம். நாந்தான ஆடியோட நிக்கிறேன்னு சொல்லி வச்சேன். மருந்து அடைக்கிற ரூம்லதான் எடம் இருக்காம். போர்மேன் பெத்தணன் அண்ணன் யோசிச்சுச் சொல்லுன்னாரு. சரின்டு சொல்லிட்டு வந்துட்டேன்."

காளீஸ்வரன் எழுந்துவிட்டான். ஆலையில் விபத்தென்றால் முதலில் போவது வெடிமருந்து அடைக்கும் அந்த அறைதான். "வேணாம் சொர்ணம். நீ போக வேணாம். நாளைக்கே நான் பாய்கிட்டப் போயி முடியாதுன்டு சொல்லிர்றேன்," என்றான்.

"சொல்லி? சென்னை வேலைதான் போயிருச்சே." அவள் குரலில் கோபமே இல்லை, அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. "நீங்க தீபாவளி வரைக்கும் இருக்கேன்னு வாக்குக் குடுத்துட்டீக. நானும் தீபாவளி வரைக்கும்னுதான் சொல்லிட்டு வந்துருக்கேன். வாங்க, சோறு ஆறுது."